வெள்ளையடித்த கல்கொட்டில்

அந்தத் திங்கட்கிழமை கல்கொட்டிலில் நின்றவர்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, சித்தப்பா, எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கிற மன்னார் அண்ணை. நிற்காதவர்கள் இரண்டு பேர். காணியின் சொந்தக்காரியான சின்யோரா பலேர்மோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தா. நான் வுச்சீரியாச் சந்தைக்குக் கிட்ட ஒரு அச்சுக்கடையில், அந்தக் கொட்டிலின் சுவர்ப்படங்களைத் தடித்த தாளில் நிறமாக அச்சடிப்பித்துக்கொண்டு நின்றேன். கரிக்கோடு தெளிவாகத் தெரியவில்லை என்று கடைக்காரனோடு சண்டைபிடித்து இரண்டு தரம் திருப்பி அடிப்பித்தேன். அதே நேரம் அங்கே என்ன நடந்தது என்பது மறுநாள்தான் எனக்குத் தெரியவந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. யாரில் கோபம் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆளைச் சொல்வேன். என்னைச் சொல்லாத நாள் இல்லை.

கொட்டில் இருப்பது நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில், கோதுமை வயலுக்கு நடுவில். சின்யோராவின் குடும்பக் காணி அது. அப்பா இருபத்திரண்டு வருஷமாக அவவின் நகர வீட்டையும் அந்தக் காணியையும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சாவியும் அவரிடம், கொட்டில் சாவியும் அவரிடம். ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் ஊரெல்லாம் வெளியில் போய் இறைச்சி சுடுகிற நாளில் நாங்களும் நாலைந்து குடும்பமாக அங்கே போவோம். கொட்டிலின் நிழலில் பாய் விரிப்போம். சின்ன வயதில் நான் அதை ஒரு கட்டிடமாக நினைத்ததே இல்லை. நிழலாகத்தான் நினைத்தேன்.

பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படிக்கப் போன பிறகுதான் கண் திறந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தாத்தாமார் இரண்டு பேரும் கைநாட்டு. அப்பா ஊரில் மூன்றாம் வகுப்போடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். படித்தவனுக்கு ஒரு புத்தி வரும், தான் கண்டுபிடித்ததை வேறு ஒருவரும் காணவில்லை என்று. எனக்கும் அது நல்லாய் வந்தது.

எங்கள் வீட்டுப் பல்கனியில் நின்றால் சீசா என்கிற பழைய அரச மாளிகை தெரியும். காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதே வெளிநாட்டுக்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதில் பிழையில்லை, அழகான மாளிகைதான். ஆனால் அரசர்மார் சாப்பிட்ட ரொட்டி எங்கேயிருந்து வந்தது என்று ஒரு பலகையிலும் எழுதியில்லை. இந்தத் தீவில் கமக்காரர் வயலில் குடியிருக்கவில்லை. மலைமேல் இருக்கிற ஊர்களில் நெருங்கிக் குடியிருந்தார்கள். வயலுக்கு இரண்டு மூன்று மணித்தியால நடை. ஒவ்வொரு நாளும் போய்வர ஏலாது. ஆகவே வயலுக்கு நடுவிலேயே கல்லால் ஒரு கொட்டில் கட்டினார்கள். கீழே கோவேறு கழுதையும் மாடும். மேலே பரணில் வைக்கோல். பரணில் ஒரு சதுர ஓட்டை, அதால் வைக்கோலைத் தள்ளினால் நேரே தீனித் தொட்டிக்குள் விழும். சுவரில் கை நுழையாத ஒடுங்கிய வெளிகள், வைக்கோல் வெக்கை பிடித்து எரியாமல் காற்றுப் போக. கூரைக்கு நாணலை வரிந்து கட்டி அதன்மேல் ஓடு. வாசலில் கல் பாவிய வட்டக் களம், கதிரைப் போட்டுச் சூடு மிதிக்க. அறுவடைக் காலத்தில் கூலியாட்கள் மிருகத்தோடு மிருகமாய் அங்கேயே படுத்தார்கள். எருவை ஊரிலிருந்து சுமக்கத் தேவையில்லை, வைக்கோலை ஊருக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. ஒரு கல்லும் சும்மா வைக்கப்படவில்லை. இதைக் கட்டினவனுக்குக் கட்டிடக்கலைஞன் என்று ஒருவரும் பெயர் வைக்கவில்லை. இடிக்கிறதுக்கு மட்டும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இப்படி எத்தனையோ கொட்டில் அந்த மலைப்பக்கம் இருந்தது, இடிந்தது, இடிகிறது. எங்கள் கொட்டிலில் மட்டும் ஒரு விசேஷம் இருந்தது. உள்ளே, தொட்டிக்கு மேலே இருந்த சுண்ணாம்புச் சுவர் முழுக்கக் கீறல். கூலியாட்கள் தங்கள் வேலைநாளை அதில் கீறி வைத்திருந்தார்கள். எழுத்துத் தெரியாத ஆட்கள். ஆகவே ஆளுக்கு ஒரு அடையாளம்: ஒருவனுக்கு அரிவாள், ஒருவனுக்கு சீப்பு, ஒருவனுக்கு மூன்று காலுள்ள ஸ்டூல். அடையாளத்துக்குப் பக்கத்தில் கோடு, கோடு, கோடு. சில ஆணியால் கீறினது. சில அடுப்புக் கரியால். கரியால் ஒரு கோவேறு கழுதையும் இருந்தது, காது மட்டும் முழ நீளம். அதைக் கீறினவன் பகிடிக்காரனாய் இருந்திருக்க வேண்டும்.

நான் ஒரு வருஷம் அந்தச் சுவரை அளந்தேன், படம் எடுத்தேன், எண்ணினேன். அளவுநாடாவின் மற்ற நுனியைப் பிடித்தது அப்பா. “என்னடா இது, மாடு கட்டின இடத்தை இப்பிடி அளக்கிறாய்?” என்றார் ஒருநாள்.

“தேசிஸுக்கு அப்பா.”

“அப்பிடியெண்டால்?”

“படிப்பு முடிக்க எழுதிக் குடுக்கிறது.”

“ஓ, சரி. இறுக்கிப் பிடிக்கவோ?”

“ஓம், இறுக்கிப் பிடியுங்கோ.”

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு வருஷம் நாடா பிடித்த மனுசனுக்கு நான் சொன்னது அவ்வளவுதான். ஆராய்ச்சியை இத்தாலியனில் நூற்றிருபது பக்கம் எழுதினேன். வீட்டில் அதைப் பற்றித் தமிழில் பத்து வசனம் கதைத்திருக்க மாட்டேன். விளங்காது என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

சின்யோரா இல்லத்துக்குப் போனதும் காணி விஷயம் அவவின் மகனின் கையில் வந்தது. கழுத்தில் ஸ்வெற்றரைக் கட்டிக்கொண்டு திரிகிற ஆள். காணியை வாங்க ஒருவன் வந்திருந்தான். கொட்டில் நிற்கிற இடத்தில் நீச்சல் குளம் வேண்டுமாம். நான் மகனிடம் போய், அது பழைய கட்டிடம், பாதுகாக்க வேண்டியது என்று சொன்னேன்.

“அது தொழுவம்,” என்றான். “எங்கட தாத்தாவே அதுக்குள்ள கால் வைக்கமாட்டார். உனக்கு மாளிகை பார்க்க ஆசையெண்டால் உன்ர வீட்டுக்கு முன்னாலயே ஒண்டு இருக்குதே.”

அன்றைக்கே தீர்மானித்தேன். என் ஆசிரியரின் உதவியோடு, பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கிற அரச அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். அவர்கள் ஓம் என்றால் கொட்டிலை யாரும் இடிக்க முடியாது. ஆசிரியர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: கொட்டில் மட்டும் என்றால் காணாது, அதைப்போல நிறைய இருக்கிறது, அந்தச் சுவர்தான் உன் பலம். ஏழு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு கடிதம். வருகிற செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்து அதிகாரி, ஒரு டொத்தோரெஸ்ஸா, நேரில் வந்து பார்ப்பா.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். “செவ்வாய் பத்து மணிக்கு ஆக்கள் வருகினம் அப்பா. கந்தோரில பெரிய ஆள். அவ ஓமெண்டால் கொட்டில் நிக்கும். இல்லையெண்டால் இடிச்சுப் போடுவினம்.”

“என்னத்தைப் பார்ப்பா?”

“உள்ளுக்குச் சுவரைத்தான் பார்ப்பா.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “சுவரையோ?”

“ஓம். சுவரிலதான் எல்லாம் இருக்கு.”

அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் அதைக் கண்டேன். கண்டும், போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

எங்கள் ஆட்களின் தொழில் என்ன என்பதை நான் மறந்துபோனேன். அப்பா வீடு பார்க்கிறவர். அம்மா நாலு வீட்டில் துடைக்கிறா. சித்தப்பா துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் வந்து நிற்கிற இடைவெளியில் அறைகளைக் கழுவுகிறவர். மன்னார் அண்ணை மாடிக் கட்டிடங்களின் படிகளைக் கழுவுகிறவர். பெரிய ஆள் வந்து சுவரைப் பார்க்கப் போகிறா என்றால் இவர்கள் என்ன செய்வார்கள்? இருபது வருஷமாக இந்த நகரத்தில் பெரிய ஆட்கள் இவர்களிடம் எதைப் பார்த்தார்கள்? விரலால் தடவி ஊத்தையைத்தானே பார்த்தார்கள்.

திங்கட்கிழமை நாலு பேரும் அரைநாள் லீவு எடுத்தார்கள். சித்தப்பாவின் பழைய காரில் தும்புத்தடி, பிறஷ், வாளி, வறெக்கீனா. வறெக்கீனா என்றால் எதையும் வெளுக்கிற தண்ணி, எங்கள் வீடுகளில் குழந்தைப்பிள்ளைக்குக்கூட அந்தச் சொல் தெரியும். ஒரு மூட்டை சுண்ணாம்பும் வாங்கினார்கள். நடந்ததைப் பிறகு சித்தப்பா எனக்குச் சொன்னார், எதையும் மறைக்காமல்.

“அண்ணை, இந்தக் கழுதையைப் பார். உன்ரை காதைப்போல இருக்கு,” என்றாராம் சித்தப்பா.

“கதைக்காமல் தேய். கப்பலில இப்பிடித்தான் நிண்டு படம் பார்க்கிறனியோ?”

“கரி லேசிலை போகாது,” என்றாராம் மன்னார் அண்ணை. “வறெக்கீனாவைத் தண்ணி கலக்காமல் ஊத்துங்கோ. நான் ஒரு படிக்கட்டில மூண்டு வருஷத்துக் கறையை எடுத்தனான்.”

“ஓம், அந்தக் கதையை எத்தினை தரம் சொல்லுவாய். நீ எடுத்த கறையை அவங்கள் மியூசியத்தில வைக்கேல்லையோ?” என்றாராம் அப்பா.

சிரித்துச் சிரித்துத் தேய்த்திருக்கிறார்கள். கரி எல்லாம் போனது. ஆணிக் கீறல் போகவில்லை. அதனால் மேலே சுண்ணாம்பு, இரண்டு பூச்சு. தொட்டியையும் கழுவினார்கள். நிலத்தைக் கூட்டினார்கள். அம்மா வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்து வைத்துவிட்டு, மறுநாளுக்கு றோல்ஸ் செய்ய வீட்டுக்கு வந்தா. அன்று வீட்டுக்குள் பொரிக்கிற மணம் வந்தபோது, யாருக்கம்மா என்று கேட்டேன். “நாளைக்கு வாற அம்மாவுக்கு,” என்றா. நான் சந்தோசப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை டொத்தோரெஸ்ஸாவின் காரிலேயே நான் வந்தேன். வழி முழுக்க அந்தக் கீறல்களைப் பற்றிக் கதைத்தேன். அவவும் படங்களைப் பார்த்து, இப்படி ஒன்றைத் தான் இந்தப் பக்கம் கண்டதில்லை என்றா. களத்தில் அப்பா கோட் போட்டு நின்றார், பூசைக்குப் போகிற கோட். சின்யோராவின் மகனும் வந்திருந்தான்.

“பிரேகோ, டொத்தோரெஸ்ஸா,” என்று வரவேற்று அப்பா கதவைத் திறந்தார். “எல்லாம் சுத்தம். சுவரும் சுத்தம்.”

உள்ளே வெள்ளை. கண் கூசுகிற வெள்ளை. எலுமிச்சை வாசம் வேறு. நிலம் துடைக்கிற தண்ணியைத் தெளித்திருந்தார்கள். தொட்டிக்கு மேலே நடுவில் மாதா படம் ஒன்று, அதற்கு ஒரு பிளாஸ்ரிக் பூ.

டொத்தோரெஸ்ஸா கிட்டப் போனா. சுவரில் ஒரு விரலை வைத்தா. விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. அப்பா உடனே பையிலிருந்து கடதாசித் துவாய் எடுத்துக் கொடுத்தார். இன்னும் காயவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

“நான் பார்க்க வந்தது இங்கே இல்லையே,” என்றா அவ, என்னைப் பார்த்து.

மகனுக்குத்தான் முதலில் முழுதாக விளங்கியது. அவன் நேரே போய் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். “இத்தனை வருஷத்தில நீ எனக்குச் செய்த வேலையளில இதுதான் திறம்,” என்றான். அப்பா சிரித்துக்கொண்டு கிறாட்சியே என்று நன்றி சொன்னார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை. அவன் கையை நான் தட்டிவிட்டிருக்க வேண்டும். தட்டவில்லை. அவனுக்கு முன்னால், அந்தப் பெண்ணுக்கு முன்னால், நான் அப்பாவைப் பார்த்துத்தான் கத்தினேன். “உங்களை ஆர் துடைக்கச் சொன்னது? துடைக்கிறதைத் தவிர உங்களுக்கு வேற ஒண்டும் தெரியாதோ?”

தமிழில் கத்தியபடியால் அவர்களுக்கு விளங்கியிருக்காது. அப்பாவுக்கு விளங்கியது. வாசலில் றோல்ஸ் பெட்டியோடு நின்ற அம்மாவுக்கும் விளங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு, குசினியில், அந்தக் கீறல் என்னவென்று முதல்தரம் தமிழில் சொன்னேன். எழுதத் தெரியாத கூலியாட்கள் தங்கட வேலைநாளைக் கீறி வைச்சது. முதலாளி ஏமாத்தாமல் இருக்க. அவையிட்டை இருந்த ஒரே எழுத்து அதுதான்.

அப்பா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பிறகு, “இதை நீ ஒரு வருஷத்துக்கு முன்னம் சொல்லியிருந்தால் நான் தொட்டிருப்பனோ?” என்றார். குரலை உயர்த்தவில்லை. “எழுதத் தெரியாதவன்ரை கீறலெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்? எனக்கு அது விளங்காதோ?”

அம்மா குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பி நின்றா. அதில் ஒட்டியிருக்கிற கலண்டர் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கலண்டர். வருஷா வருஷம் தாள்தான் மாறும். அம்மாவுக்கு இத்தாலியன் எழுதத் தெரியாது. பூனை உள்ள வீட்டுக்கு ஒரு பூனை கீறுவா, படி கூடின வீட்டுக்கு ஒரு ஏணி. பக்கத்தில் வேலைசெய்த மணித்தியாலத்துக்குக் கோடு. நான் நூற்றிருபது பக்கம் எழுதினவன், அந்தக் கலண்டரில் ஒரு நாளும் கண்ணை வைக்கவில்லை.

“என்ரை கீறலைப் போலத்தான் இருந்தது,” என்றா அம்மா. “அதாலதான் முதல் நான் அழிச்சனான். பெரிய ஆக்கள் வந்து பார்க்க வெக்கமெண்டு.”



அலுவலகத்திலிருந்து மூன்று கிழமையில் பதில் வந்தது. சுண்ணாம்பை முறையான ஆள் எடுத்து, அடியில் கீறல் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தால் மட்டும் மீண்டும் பார்ப்பார்கள். நாலு மாதத் தவணை. செலவுக்கு அவர்களிடம் காசில்லை. ஏழு மாதம் கடிதத்தைத் தூங்கப் போட்ட அலுவலகம் எங்களுக்கு நாலு மாதம் தந்தது. மகனிடம் கேட்டேன். “உன்ர அப்பா அடிச்ச வெள்ளைக்கு நான் காசு கட்டுறதோ?” என்றான். அது அவன் காணி. அவன் பாட்டன்மாருக்கு வேலை செய்தவர்களின் கீறல். அந்தக் கோடுகளுக்கு எல்லாம் ஒழுங்காகக் கூலி கொடுத்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் கட்டமாட்டான்.

“நாங்கள் கட்டுவம்,” என்றார் அப்பா.

நான் வேண்டாம் என்றேன். உண்மையாகவே கோபத்தோடு சொன்னேன். எங்களுடையது இல்லாத காணியில், எங்களைப் போன்றவர்களை ஒரு பலகையிலும் எழுதாத ஊரில், எதற்கு? அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். “நான்தானே அழிச்சனான்,” என்றார். “என்னாலை ஒருத்தன்ரை நாட்கணக்கு அழிஞ்சு கிடக்கக்கூடாது.” அப்பாவும் மன்னார் அண்ணையும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு வான் வாங்கிச் சொந்தமாய்த் துப்புரவு வேலை எடுக்கச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீட்டைக் கழித்து எடுத்தார்கள். மன்னார் அண்ணை முணுமுணுக்கவும் இல்லை. “கறை எடுக்கிறதுக்குக் காசு வாங்கினனான், கறையைத் திருப்பி எடுக்கக் காசு குடுக்கிறது இதுதான் முதல்தரம்,” என்று மட்டும் சொன்னார்.

சுவரைச் சுரண்டுவதற்கான படிவத்தில் சொந்தக்காரியின் கையெழுத்து வேண்டும். மகனுக்குத் தெரியாமல் அப்பாவும் நானும் இல்லத்துக்குப் போனோம். சின்யோரா கண்ணாடியைப் போட்டுக் கடைசி வரி வரைக்கும் வாசித்தா. “அந்தத் தொழுவமா?” என்றா. கையெழுத்து வைத்தா. வைத்துவிட்டு, அடுத்த கிழமை ஜன்னல் திரைகளைத் தோய்க்க அம்மா வருவாவோ என்று கேட்டா.

சுவரைச் சுரண்ட ஒரு பெண் வந்தாள், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். சத்திரவைத்தியர் வைத்திருப்பதைப் போன்ற சின்னக் கத்தியால் பத்தொன்பது நாள் சுரண்டினாள். அப்பா வேலை முடிந்த நாட்களில் போய் அவளுக்கு விளக்குப் பிடித்தார். ஆணிக் கீறல் எல்லாம் வந்தது. அரிவாள் வந்தது, சீப்பு வந்தது, ஸ்டூல் வந்தது. கரியால் கீறினதில் ஒரு கோடும் வரவில்லை. காது நீண்ட அந்தக் கழுதை இப்போது என் படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அலுவலகம் ஓம் என்றது. கொட்டிலை இனி யாரும் இடிக்க முடியாது. நீச்சல் குளக்காரன் விலகிப் போனான். அடுத்த நாளே மகன் அப்பாவிடமிருந்து சாவிகளை வாங்கிக்கொண்டு, இருபத்திரண்டு வருஷத்து வேலையை முடித்துவிட்டான். கொட்டிலுக்குப் புதுப் பூட்டு. வீதிப் பக்க வேலியில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்: உரிமையாளர் குடும்பத்தின் ஒத்துழைப்போடு பாதுகாக்கப்பட்டது. கடந்த ஈஸ்டர் திங்கள் நாங்கள் வேலிக்கு வெளியே வீதியில் காரை நிறுத்திவிட்டு அந்தப் பலகையைப் பார்த்தோம். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன், ஒவ்வொரு சொல்லாக, ஒன்றும் விடாமல். அம்மா கேட்டா, இதுக்கெல்லாம் மொத்தம் எவ்வளவு முடிஞ்சதெண்டு. அதுவரைக்கும் அவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சுரண்டின பெண்ணின் கூலி, சாரம் கட்டினது, அறிக்கை, முத்திரைச் செலவு, சீட்டில் கழித்த கழிவு எல்லாம் சேர்த்து அப்பாதான் சொன்னார்: ஒன்பதாயிரத்து நானூற்று முப்பது யூரோ.